மருத்துவர் பதில்கள்: தட்டம்மை இறங்கிய பிறகு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையைப் பற்றியவை. கேட்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் வெவ்வேறு ஊர்க்காரர்களாயினும், ஏறத்தாழ எல்லாரும் உடம்பில் செம்புள்ளிகள் தெரிந்த நாள்களை நோய்க்காலம் என்றும், அவை மங்கிய நாளைக் குணமான நாள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் திருத்துவதற்காகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒத்திவைத்து, தட்டம்மைக் கடிதங்கள் சிலவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் மகன் வழிப் பேத்திக்குப் பத்து மாதம். ஆறாம் மாதத் தடுப்பூசி போட வேண்டிய வாரத்தில் அவளுக்குச் சளி பிடித்திருந்ததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகள் இருந்துவிட்டாள். அது அப்படியே தள்ளிப்போய்விட்டது. சென்ற மாதம் குழந்தைக்குத் தட்டம்மை கண்டது. ஐந்தாம் நாள் புள்ளிகள் மங்கின, காய்ச்சலும் விட்டது. அம்மா இறங்கிவிட்டாள் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாளே காய்ச்சல் திரும்பி வந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது நலமாக இருக்கிறாள். தண்ணீர் ஊற்றியதால்தான் சளி நெஞ்சில் இறங்கியது என்று என் சம்பந்தியம்மாள் சொல்கிறார். அது உண்மையா? (ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்)

பதில்: உண்மையன்று, அம்மா. நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்த நிமோனியா வந்திருக்கும். தட்டம்மைக் கிருமி முதலில் தாக்குவது தோலையன்று. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் உட்படலத்தையும், நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களையுமே அது தாக்குகிறது. தோலில் புள்ளிகள் எழும்போது, கிருமி உடலுக்குள் புகுந்து ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகியிருக்கும். புள்ளிகள் மங்குகிற சமயத்தில் மூச்சுக்குழாயின் உட்படலம் புண்பட்டும், காவல் அணுக்கள் குறைந்தும் கிடப்பதால், அதுவரை தொண்டையில் தீங்கின்றி இருந்த பாக்டீரியாக்கள்கூட நுரையீரலுக்குள் எளிதில் இறங்கிவிடுகின்றன. உங்கள் பேத்திக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குத் தட்டம்மைக் கிருமியே நேரடியாகவும் நிமோனியாவை உண்டாக்கும்.

தட்டம்மை காணும் குழந்தைகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. இந்நோயால் இறக்கும் குழந்தைகளில் மிகப் பலரைக் கொண்டுபோவதும் அதுதான். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு, அதிலும் ஒரு வயது நிரம்பாதவர்களுக்கு, ஆபத்து அதிகம். வழக்கமாக, புள்ளிகள் எழுந்த மூன்றாம் அல்லது நான்காம் நாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் இறங்காத காய்ச்சலையும், இறங்கிய பின் திரும்பி வரும் காய்ச்சலையும் தட்டம்மையின் வால் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. வேறொன்று தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுதான் குழந்தையைக் காப்பாற்றியது. தட்டம்மைக் கிருமியை ஆன்டிபயாட்டிக் மருந்து ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியாவுக்கு அதுவே மருந்து. ஆகவே முதல் நாளில் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுக்காததும் ஆறாம் நாளில் கொடுத்ததும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

மூச்சை எண்ணிப் பார்க்க எல்லா வீட்டாரும் பழகிக்கொள்ளலாம். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினாலும், நாய் குரைப்பதைப் போன்ற வறட்டு இருமலோடு மூச்சை உள்ளிழுக்கும்போது சத்தம் கேட்டாலும், பாலோ நீரோ குடிக்க முடியாமல் போனாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலும் விடியும்வரை பொறுக்கலாகாது.

சளியைக் காரணம் காட்டித் தடுப்பூசியை ஒத்திப்போட வேண்டியதில்லை என்பதை மருமகளுக்கு அன்பாகச் சொல்லுங்கள். இலேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் அதற்குத் தடையன்று. பன்னிரண்டாம் மாத ஊசியையும், தட்டம்மைதான் வந்து போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 2024 முதல் இந்நாட்டு அரசுக் கிளினிக்குகளில் போடப்படும் ஊசி ரூபெல்லா என்னும் வேறொரு தொற்றுநோய்க்கும் சேர்த்துக் காப்பளிப்பது.

கேள்வி: என் மூன்று வயது மகனுக்குத் தட்டம்மை கண்டபோது கண்கள் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தவித்தான். கிளினிக்கில் சிஸ்டர் வைட்டமின் ஏ மருந்தை அன்றைக்கு ஒரு முறை வாயில் விட்டு, மறுநாளும் ஒரு முறை கொடுக்க வேண்டும் என்றார். அம்மை வந்த பிள்ளைக்கு எண்ணெய் மருந்து சூடு என்று என் மாமியார் இரண்டாவது தடவை கொடுக்க விடவில்லை. கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டால் போதும் என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, பீனிக்ஸ்)

பதில்: இரண்டாவது தடவையும் கொடுத்திருக்க வேண்டும், சகோதரி. உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தால் புள்ளிகள் எழுந்து அதிக நாள் ஆகவில்லை. ஆகவே இதைப் படித்ததும் குழந்தையைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள். விடுபட்ட தவணையை எப்போது கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இந்த மருந்தைப் பற்றி நம்மிடையே நிலவும் அலட்சியத்துக்குக் காரணம், அது சத்து மருந்து என்ற எண்ணம்தான். தட்டம்மையில் அது சத்துக்காகக் கொடுக்கப்படுவதன்று. கண்ணின் கருவிழியையும், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்படலத்தையும் காப்பது வைட்டமின் ஏ. தட்டம்மை வந்த சில நாள்களிலேயே உடலில் உள்ள அதன் இருப்பு சட்டென வீழ்ந்துவிடுகிறது. முன்பே குறைவாக இருந்த குழந்தைக்குக் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடலாம். ஏழை நாடுகளில் குழந்தைகளின் பார்வையிழப்புக்குத் தட்டம்மை நெடுங்காலம் ஒரு முதன்மைக் காரணமாக இருந்தது இதனால்தான்.

இதை நிறுவிய ஆய்வுகளில் முக்கியமானது நம் நாட்டிலேயே நடந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கேப் டவுனில் கடுமையான தட்டம்மையோடு தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 189 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏயும் மற்றதற்கு அதைப்போலத் தோன்றும் வெறும் திரவமும் கொடுத்துப் பார்த்தார்கள். இறந்த 12 குழந்தைகளில் 10 பேர் வெறும் திரவம் பெற்றவர்கள். வைட்டமின் பெற்றவர்களுக்கு நிமோனியா ஏறத்தாழப் பாதி நாள்களிலேயே தணிந்தது. அந்த ஆய்வு 1990இல் வெளியாயிற்று. மறு ஆண்டே, மருத்துவப் பேராசிரியர் ஹூசைன் கூவாடியா உள்ளிட்ட டர்பன் குழுவினரின் ஆய்வும் அதே திசையைக் காட்டியது. இன்று உலகமெங்கும் தட்டம்மைக் குழந்தைகளுக்கு இம்மருந்து கொடுக்கப்படுவதற்கு இந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.

அளவு வயதைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 50,000 யூனிட், ஆறிலிருந்து பதினொரு மாதம் வரை 1,00,000 யூனிட், ஒரு வயதுக்கு மேல் 2,00,000 யூனிட் என்று அடுத்தடுத்த இரு நாள்கள் கொடுப்பார்கள். கண்ணில் பாதிப்பு தெரிந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மூன்றாவது முறையும் கொடுப்பார்கள். ஆகவே உங்கள் மகனின் கண்களை மருத்துவர் ஒருவர் பார்ப்பது நல்லது. அளவு மீறினால் தீங்கு செய்யும் மருந்து இது. கடையில் மீனெண்ணெய் வாங்கி வீட்டில் தாமாகக் கொடுப்பது இதற்கு ஈடாகாது.

கண்ணில் தாய்ப்பாலோ, மஞ்சள் நீரோ, எலுமிச்சைச் சாறோ, வேறு எந்த வீட்டு மருந்துமோ விட வேண்டாம். வறண்டு நொய்ந்திருக்கும் கருவிழியில் அவை புதிய கிருமியைச் சேர்த்துவிடும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் வீட்டில் செய்ய வேண்டியது முடிந்தது.

கேள்வி: எங்கள் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து மாரியம்மனை வணங்குவது. வீட்டில் பிள்ளைக்கு அம்மை கண்டால் வாசலில் இலை கட்டுவோம், தாளிக்க மாட்டோம், வெளியாரை உள்ளே விட மாட்டோம், தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடம் போக மாட்டோம். இம்முறை என் பேரனுக்குத் தட்டம்மை வந்தபோது மருமகள் இரண்டாம் நாளே மருத்துவரிடம் கொண்டுபோனாள். வீட்டுப் பெரியவர்களுக்கு மனவருத்தம். நான் யாரையும் நோகடிக்க விரும்பவில்லை. எங்கள் வழக்கத்தில் தீமை எது, நன்மை எது என்று பிரித்துச் சொல்வீர்களா? (ஒரு தாத்தா, தோங்காட்)

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட முறையிலேயே பாதி விடை இருக்கிறது. வழக்கத்தை முழுவதும் தூக்கி எறியச் சொல்பவர்களும், ஓர் இலையைக்கூட மாற்றக் கூடாது என்பவர்களும் ஒரே வீட்டில் இருக்கும்போது, பிரித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

வெளியாரை உள்ளே விடாத வழக்கம் மிகச் சிறந்தது. தட்டம்மையைப் போல விரைந்து பரவும் நோய்கள் மிகச் சிலவே. காப்பில்லாத பத்துப் பேர் நோயாளியை நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். புள்ளிகள் எழுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றத் தொடங்கி, எழுந்த பின் நான்கு நாள் வரை தொற்றுகிறது. ஆகவே வாசலில் கட்டிய இலை, அதைக் கண்டு திரும்பிப் போகும் அண்டை வீட்டாரின் பிள்ளைகளைக் காக்கிறது. அறையைக் குளிர்ச்சியாகவும் மங்கலாகவும் வைத்திருப்பதும், குழந்தையை ஓய்வாக விடுவதும் நல்லவையே. வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைத்துவிடுவதால் எந்த நாளிலும் கெடுதல் இல்லை.

இலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே பல வீடுகளில் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா மர இலையைக் கட்டுகிறார்கள். பார்வைக்கு வேம்பைப் போலிருந்தாலும் அது வேறு மரம். அதன் பழம் நஞ்சு. வாசலில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைத்துக் குழந்தைக்குப் புகட்ட வேண்டாம். அசல் வேப்பிலைச் சாற்றையும் சிறு குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

சாம்பிராணியும் கற்பூரமும் பூசை அறையோடு இருக்கட்டும். நோயுற்ற குழந்தையின் மூச்சுக்குழாய் புண்ணாகியிருக்கும் நாள்களில் புகை எதுவாயினும் இருமலைக் கூட்டும். வீட்டில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சாம்பிராணியைப் பற்றிய இந்த அறிவுரையைத் தங்களுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உணவில்தான் நம் வழக்கம் அதிகத் தீங்கு செய்கிறது என்று நினைக்கிறேன். காரமும் எண்ணெயும் இல்லாத கஞ்சி நல்லதுதான். வாயெல்லாம் புண்ணான பிள்ளைக்கு அதுதான் இறங்கும். ஆனால் ஒரு வாரம் கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறில்லை என்று வைத்துவிட்டால், தட்டம்மை ஏற்கெனவே உருக்கிய உடம்பு இன்னும் உருகும். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து ஒரே வாரத்தில் குழந்தையின் எடையைக் கண்கூடாகக் குறைத்துவிடுகின்றன. ஊட்டம் குறைந்த குழந்தைக்கே நிமோனியாவும் கண்புண்ணும் கடுமையாக வருகின்றன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஒருபோதும் நிறுத்தலாகாது. பெரிய குழந்தைக்குக் கஞ்சியிலேயே பருப்பைக் குழைத்து, மசித்த பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வீட்டில் சாப்பிடும் வழக்கமிருந்தால் முட்டை என்று சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். நோய் நீங்கிய பிறகு சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுப்பது இழந்த எடையை மீட்கும். வயிற்றுப்போக்கு இருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், மட்டமாக அளந்து, கலந்து, ஒவ்வொரு முறை போனதும் குடிக்கக் கொடுக்க வேண்டும். அம்மைக்கு உப்பு ஆகாது என்று அந்த அரைக் கரண்டியைக் குறைத்துவிடாதீர்கள்.

எஞ்சியிருப்பது, மருத்துவரிடம் போகாமல் காத்திருப்பது. 1860இல் டர்பனில் கப்பலிறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வீடுகளில், பிள்ளைக்கு அம்மை கண்டால் மருத்துவரிடம் ஓடியும் பெரிய பயன் இருந்திருக்காது. அன்று நிமோனியாவுக்கு மருந்தில்லை. தட்டம்மைக் கிருமியைப் பிரித்தெடுத்ததே 1954இல், தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தது 1963இல். தம்மால் இயன்ற தனிமையையும் தூய்மையையும் வேண்டுதலையும் அவர்கள் செய்தார்கள். நம் நிலை வேறு. ஆடிக் கூழும் நேர்த்திக்கடனும் எப்போதும்போல நடக்கட்டும். அவற்றுக்கும், குழந்தையின் நெஞ்சில் மருத்துவர் கருவி வைத்துக் கேட்பதற்கும் எந்தப் பகையும் இல்லை. அம்மன் கோயில் பூசாரிகள் தம் பேரப்பிள்ளைகளுக்கு ஊசி போட வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் மருமகள் இரண்டாம் நாளே போனது மிகையான செயலன்று. தட்டம்மை என்று ஐயம் தோன்றினாலே மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்வதும், சுற்றியுள்ள குழந்தைகளுக்கு ஊசி போடுவதும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

காய்ச்சலுக்கு, பனாடோ என்று நாம் சொல்லும் பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். டிஸ்பிரின் போன்ற ஆஸ்பிரின் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் தட்டம்மை வந்து தேறிய என் மகள், அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது காய்ச்சலில் விழுகிறாள். ஒரு காதில் சீழ் வடிகிறது. கூப்பிட்டால் சில வேளை திரும்புவதில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தோம். வயது நான்கு. (தாய், வெருலம்)

பதில்: இந்த வாரமே காதைக் காட்டுங்கள். தட்டம்மை வரும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நடுக்காதில் சீழ் பிடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் செவிப்பறை ஓட்டையாகி, கேட்கும் திறன் நிலையாகக் குறைந்துவிடலாம். சீழை மெல்லிய துணித்திரியால் ஒற்றியெடுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். சீழ் நின்ற பிறகும் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கு வயதில் சரியாகக் கேட்காத குழந்தை, பள்ளியில் சேர்ந்ததும் மந்தம் என்றோ அடங்காதது என்றோ பெயரெடுத்துவிடும்.

அடிக்கடி காய்ச்சல் வருவதற்கும் தட்டம்மைக்கும் தொடர்பு இருக்கக்கூடும். முன்பு வந்த நோய்களையும் போட்ட ஊசிகளையும் நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களைத் தட்டம்மைக் கிருமி தேடி அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், பிற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 விழுக்காட்டிலிருந்து 73 விழுக்காடு வரை மறைந்திருந்தன. சேமிப்புப் புத்தகத்தில் பாதிப் பக்கங்களை யாரோ கிழித்துப் போனது போன்றது இது; மீண்டும் ஒவ்வொரு நோயாகப் பட்டுத்தான் அந்தப் பக்கங்கள் நிரம்ப வேண்டும். இந்தப் பலவீனம் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஆகவே விடுபட்ட மற்ற ஊசிகளை, குழந்தையின் ஊசி விவரங்களைக் கிளினிக்கில் குறித்துத் தரும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தைப் பார்த்து முடித்துவிடுங்கள். எடை ஏறாமல், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்ச் சோதனையும் தேவை. தட்டம்மைக்குப் பின் உள்ளடங்கிய காசநோய் தலைதூக்குவது உண்டு. அந்த நாள்களில் தோலில் போடும் காசநோய்ச் சோதனை பொய்யாக ஒன்றுமில்லை என்று காட்டக்கூடும் என்பதால், தட்டம்மை வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: தட்டம்மை வந்து பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டென்று படித்தேன். என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது தட்டம்மை வந்ததாம். இவ்வாண்டு அவன் மதிப்பெண்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. பெற்றோரிடம் சொல்லலாமா? (ஆசிரியை, லெனேசியா)

பதில்: மதிப்பெண் குறைவுக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும்; இந்த நோய் அவற்றில் மிக அரிதான ஒன்று. நீங்கள் படித்தது உண்மையே. தட்டம்மைக் கிருமி சிலருடைய மூளையில் அழியாமல் ஒளிந்திருந்து, பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து ஆண்டுகள் கழித்து மெல்ல அழிவைத் தொடங்குகிறது. முதலில் படிப்பும் நடத்தையும் மாறும். பிறகு கையோ தலையோ உடம்போ திடீர் திடீரெனத் துள்ளி விழும். அதன்பின் வலிப்பும், பேச்சும் நடையும் இழப்பதும், நினைவிழப்பும் தொடரும். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஏறத்தாழ எல்லாரும் சில ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் தட்டம்மை வந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவான நோயாளிகளைக் கொண்டு கணக்கிட்டபோது, ஐந்து வயதுக்கு முன் தட்டம்மை வந்தவர்களில் சுமார் 1,400 பேரில் ஒருவருக்கும், ஒரு வயதுக்கு முன் வந்தவர்களில் சுமார் 600 பேரில் ஒருவருக்கும் இது வந்திருக்கிறது. தடுப்பூசியில் உள்ள கிருமியால் இந்நோய் வருவதில்லை.

பெற்றோரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லி அச்சுறுத்த வேண்டாம். எழுதும்போது கை துள்ளுவது, காரணமின்றிப் பொருளைத் தவறவிடுவது, நிற்கும்போது சட்டென விழுவது போன்றவற்றை வகுப்பில் பார்த்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பார்த்திருந்தால், பார்த்ததை மட்டும் சொல்லி, நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்; மூளை மின்னலைப் பதிவும் முதுகுத்தண்டு நீர்ச் சோதனையும் விடை தந்துவிடும். பார்க்கவில்லையென்றால், கண், காது, வீட்டுச் சூழல் என்று வழக்கமான காரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

இதையும் தட்டம்மை வந்த சில நாள்களிலேயே வரும் மூளைக்காய்ச்சலையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது. அது ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. கடும் தலைவலி, ஓயாத வாந்தி, வலிப்பு, மயக்கம் எனத் திடீரெனத் தொடங்கும். பிழைப்பவர்களிலும் பலருக்குக் காது கேளாமையோ அறிவு வளர்ச்சிக் குறைவோ தங்கிவிடுகிறது.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் அக்காள் குழந்தைக்கு முதல் தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதத்தில் போட்டார்கள். இங்கே ஆறாம் மாதத்திலேயே போடுகிறார்களே, அவ்வளவு சிறு குழந்தைக்கு அது தாங்குமா? (புதுத் தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: தாங்கும். தாயிடமிருந்து கருவிலேயே குழந்தைக்கு வந்து சேரும் எதிர்ப்புப் பொருள்கள் சில மாதங்களில் தேய்ந்துவிடுகின்றன. அவை மிகுதியாக இருக்கும்போது ஊசி போட்டால் ஊசி முழுப் பலன் தராது. தேய்ந்த பின் காலந்தாழ்த்தினால் இடையில் நோய் வந்துவிடும். எந்த மாதத்தில் போடுவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சூழலைப் பார்த்து முடிவு செய்கிறது. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுடைய தாய்மார் பலர். அவர்களுடைய குழந்தைகளுக்குக் கருவில் கிடைக்கும் காப்பு குறைவு. 2009க்கும் 2011க்கும் இடையில் இங்கு 18,000க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை உறுதியானபோது, கைக்குழந்தைகள் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள். முன்பு ஒன்பது, பதினெட்டு மாதங்களில் போட்டதை ஆறு, பன்னிரண்டு மாதங்களுக்கு முன்கொண்டு வந்ததன் பின்னணி இது. ஆறாம் மாத ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் முழுக் காப்பளிக்காது என்பதால்தான் இரண்டாவது ஊசி. முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள்.

ஊசிக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சலும் சிறு புள்ளிகளும் வரும். இரண்டு, மூன்று நாளில் போய்விடும். ஊசி போடுவது குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமோவாத் தீவு சான்று. 2018இல் செவிலியரின் மருந்துக் கலவைப் பிழையால் இரண்டு குழந்தைகள் இறந்ததும் மக்கள் ஊசியையே அஞ்சி ஒதுங்கினார்கள். 2019இல் தட்டம்மை நுழைந்து, இரண்டு இலட்சம் பேரே வாழும் அந்நாட்டில் 83 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

கேள்வி: சனிக்கிழமை கல்யாணத்தில் எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை தட்டம்மை என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் ஐந்து மாதக் குழந்தையும், ஊசி எதுவும் போடாத இரண்டு வயதுப் பையனும், கருவுற்ற என் தங்கையும் இருக்கிறார்கள். மூவரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். (வாசகர், இசிபிங்கோ)

பதில்: இதற்குக் கடிதத்தில் விடை காத்திருக்கும் அளவுக்குக் காலம் இல்லை என்பதால் ஆசிரியர் குழு உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டது, மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நோயாளியோடு இருந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்கு நோய் வராமலோ, வந்தாலும் கடுமையாகாமலோ தடுக்கலாம்; இரண்டு வயதுப் பையனுக்கு அதுவே வழி. ஐந்து மாதக் குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அந்த ஊசி போடுவதில்லை. கருவுற்றவருக்குத் தட்டம்மை வந்தால் கருச்சிதைவும் குறைமாதப் பேறும் நேரலாம் என்பதால், முன்பு அவருக்கு ஊசி போட்டதற்கோ நோய் வந்ததற்கோ சான்று உண்டா என்று பார்த்து, இல்லையெனில் இரத்தத்தைச் சோதித்து முடிவெடுப்பார்கள். தேவைப்படுபவர்களுக்கு, ஆறு நாளுக்குள் எதிர்ப்புப் பொருள் ஊசி ஒன்றைத் தனியே போடலாம். அதன்பின் மூன்று வாரங்களுக்குக் காய்ச்சல், மூக்கொழுகல், கண் சிவப்பு, கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்துவர வேண்டும். அவற்றில் ஏதேனும் தெரிந்தால், கிளினிக்குக்குப் புறப்படும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் கிருமி தங்கியிருக்கும் என்பதால், காத்திருக்கும் கூடத்தில் மற்றக் குழந்தைகளோடு உட்கார வைக்காமல் வேறு வாசல் வழியாக அழைத்துக்கொள்வார்கள்.